முதற் காட்சியும் மனோன்மணியின் கனவும்

மனோன்மணீயம் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது பள்ளி நாள்களில் வரிசையில் நின்று பாடிய வாழ்த்துப்பாடல்தான். 1970-இல் அரசு விழாக்களுக்குரிய தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பெற்று, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பெற்ற அப்பாடல், உண்மையில் ஒரு நாடகத்தின் வாயிற்படியில் நிற்பது. நாம் வாயிற்படியிலேயே வணங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். உள்ளே ஐந்து அங்கங்கள், இருபது களங்கள். ஒரு பாண்டியன், ஒரு சேரன், ஒரு வஞ்சக அமைச்சன், ஒரு முனிவர், ஒரு சுரங்க வழி. இவற்றுக்கு நடுவே, ஒருவரையொருவர் நேரில் கண்டிராத இருவரின் காதல்.

‘கண்டதும் காதல்’ என்ற தொடரை இன்று நாம் சற்றே இளக்காரமாகத்தான் ஆள்கிறோம். திரைப்படம் அதனை அவ்வளவு தேய்த்துவிட்டது. ஆனால் செவ்வியல் நாடகங்களில் இக்காட்சி எளிதாக எழுதப்பட்டதே இல்லை. ஒரு நொடியில் நிகழ்வதை மேடையில் எந்தச் சொல்லால் நிறுத்துவது, எந்த உருவகத்தால் காட்டுவது என்பது எல்லா மொழி நாடகக்காரர்களையும் வருத்தியிருக்கிறது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றும் உண்டு. முதற் காட்சியில் பார்ப்பது யார்? பார்க்கப்படுவது யார்? அண்மையில் சில மாதங்கள் இக்கேள்வியோடு நாங்கள் மனோன்மணீயத்தை வாய்விட்டுப் படித்தோம். அதன் பயனாக எழுந்த சில எண்ணங்களை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

படித்த இடம் ஏற்காடு. எங்களில் ஒருவருக்கு ஒண்டிக்கடைக்கு அருகே வீடு இருக்கிறது. ஏற்காட்டுக்கு வந்தவர்கள் யாரும் ஒண்டிக்கடையைத் தவறவிட்டிருக்க இயலாது. ஏரிக்குப் பக்கத்தில், சாலைகள் வந்து கூடிப் பிரியும் ரவுண்டானா அது. ஒண்டி என்றால் தனி. அப்பெயருக்குப் பொருத்தமில்லாதபடி இன்று அதனைச் சுற்றிலும் கடைகள். சேலத்தில் தமிழ் கற்பிக்கும் இருவர், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மலைமீதே பள்ளி ஆசிரியராக இருக்கும் வீட்டுக்கார நண்பர் என்று நால்வர். எங்களுள் ஒருவரான பேராசிரியை தம் முதுகலை மாணவியர் இருவரையும் உடனழைத்து வருவார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பேருந்தில் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருவோம். களத்துக்கு ஒரு வளைவு என்று வங்கி நண்பர் எண்ணிக்கொண்டே வருவார். மாலைக்குள் இறங்கிவிடுவோம்.

குறிஞ்சிக்குத் தொல்காப்பியர் வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். அதன் பொருள் ஒண்டிக்கடையில் நவம்பர் மாதக் காலையொன்றில் நின்றால்தான் முழுமையாக விளங்கும். பனிமூட்டம் ஏரியிலிருந்து எழுந்து சாலையை மூடிக்கொள்கிறது. பத்தடி தொலைவில் ஓர் உருவம் தெரிகிறது. மரமா, கம்பமா, ஆளா என்று தெரிவதில்லை. பிறகு அது அசைகிறது. ஆள்தான். இன்னும் நெருங்கியதும் கையில் பால் தூக்கு, தலையில் கம்பளித் தொப்பி. அதற்கும் பிறகுதான் நமக்குத் தெரிந்த முகம். காண்பது, ஐயுறுவது, தெளிவது என்னும் மூன்று படிகளும் கால் நிமிடத்தில் நடந்து முடிந்துவிடுகின்றன.

களவியலில் இலக்கணம் சொல்லும் வரிசையும் இதுவே. முதலில் காட்சி. அடுத்து ஐயம்: எதிரே நிற்பவள் இம்மண்ணுலகத்தவள்தானா, தெய்வமகளா என்னும் மயக்கம். அதன்பின் தெளிவு. தெளிவதற்குத் தொல்காப்பியர் தரும் சான்றுகள் மிக அழகானவை. சூடிய பூவை மொய்க்கும் வண்டு, அணிந்த இழை, வாடும் மலர், இமைக்கும் கண், தடுமாற்றம், அச்சம். தெய்வத்தின் கண் இமைக்காது. தெய்வம் சூடிய பூ வாடாது. ஆகவே வாடுகிற பூவும் இமைக்கிற கண்ணும் அவள் மானிடப் பெண் என்பதை அறிவிக்கின்றன. காதலியை வானுக்கு உயர்த்திப் பாடுவதே கவிதை வழக்கம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, நம் இலக்கணமோ அவளைத் தரைக்குக் கொண்டுவந்த பிறகே காதலைத் தொடங்கவிடுகிறது. வாடக்கூடியவளைத்தான், அஞ்சக்கூடியவளைத்தான் காதலிக்க முடியும் என்பது அதன் துணிபு போலும்.

இதே ஐயத்தைக் கடல் கடந்து ஷேக்ஸ்பியரிடம் காண்கையில் வியப்பு மேலிடுகிறது. ‘டெம்பஸ்ட்’ நாடகத்தில், தந்தையைத் தவிர வேறு ஆண்மகனை நினைவறிந்து கண்டிராத மிராண்டா, ஃபெர்டினாண்டை முதன்முதலில் கண்டு ஆவியோ என ஐயுறுகிறாள். அவனோ அவளைத் தீவின் தெய்வம் என்றே எண்ணி விளிக்கிறான். பிறகு, மானிடப் பெண்தானா என்று அவளையே கேட்கிறான். நம் உரையாசிரியர்கள் ஐயத்தைத் தலைவனுக்கு மட்டுமே உரியதாக்கினர். தலைவி ஐயுற்றால் அவன் தெய்வமோ எனும் அச்சம் தோன்றிவிடும், காமம் தோன்றாது என்று காரணமும் சொன்னார்கள். ஷேக்ஸ்பியரின் பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. அவள்தான் முதலில் ஐயுறுகிறாள். முதலில் வியக்கிறவளும் அவளே.

‘ரோமியோ ஜூலியட்’ வேறொரு வழியில் செல்கிறது. கூட்டம் நிறைந்த விருந்தில் ரோமியோ அவளைத் தொலைவிலிருந்து காண்கிறான். அப்போது அவன் பேசும் உருவகங்கள் எல்லாம் ஒளியும் இருளும். அவளுக்கு அவற்றில் பங்கில்லை. ஆனால் அருகே வந்து கையைத் தொட்டதும் மொழி மாறிவிடுகிறது. யாத்திரிகன், திருத்தலம், புனிதர், தொழும் கை என்று அவன் ஓர் உருவகத்தைத் தொடங்க, ஜூலியட் அதே உருவகத்தை எடுத்து மறுமொழி தருகிறாள். இருவர் பேச்சும் சேர்ந்து பதினான்கு அடிகளில் ஒரு முழுச் சானெட்டாக அமைகிறது. ஒரு பாட்டை இருவர் பாதி பாதியாகப் பாடி முடிப்பதுபோல. இருவர் கருத்தும் ஒன்றுபட்டன என்று தனியே சொல்ல வேண்டிய தேவையே அங்கு எழவில்லை, யாப்பே சொல்லிவிடுகிறது.

இவற்றோடு சாகுந்தலத்தை வைத்துப் பார்க்கலாம். மறைமலையடிகள் 1907-இல் தமிழாக்கித் தந்த அந்நாடகத்தின் முதற் காட்சியை நாம் எல்லோரும் அறிவோம். மானைத் துரத்தி வந்த துஷ்யந்தன் ஆசிரமத்து மரங்களின் மறைவில் நின்று, செடிகளுக்கு நீர் வார்க்கும் சகுந்தலையைக் காண்கிறான். அவள் அவனைக் காணவில்லை. வண்டு ஒன்று அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறது. தொல்காப்பியரின் வண்டு அவளை மானிடப் பெண் என்று காட்டுவதற்கு வந்தது; காளிதாசனின் வண்டு, மறைந்திருப்பவன் வெளியே வருவதற்கு ஒரு சாக்காக வருகிறது. காட்சியின் அழகில் ஐயமில்லை. ஆனால் வேட்டைக்கு வந்தவனின் பார்வையாகவே அது தொடங்குகிறது என்பதையும் காணாதிருக்க முடியவில்லை. பின்னால் அரண்மனையில், கருவுற்று வந்து நிற்கும் அவளை அதே கண்கள் அடையாளம் காண மறுக்கின்றன. முனிவரின் சாபம் காரணம் என்று கவிஞன் ஆற்றுப்படுத்தினாலும், முதலில் அவ்வளவு நுணுகிப் பார்த்த பார்வைக்கு அவளை நினைவில் நிறுத்தும் வலிமை இல்லாமல் போயிற்று. ஒரு மோதிரம் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. நாடகத்தின் பெயரே அந்த அடையாளத்தைத்தான் குறிக்கிறது.

இவ்விடத்தில் பேராசிரியையுடன் வந்திருந்த மாணவியருள் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அதுவரை மிக அமைதியாக இருந்தவர்.

“ஐயா, போன மாசம் எங்க வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்தாங்க. நான் காபித் தட்டைக் கொண்டுபோய் வெச்சுட்டு, தரையைப் பார்த்துட்டே உள்ள வந்துட்டேன். வந்தவங்க எல்லாரும் என்னைப் பார்த்துட்டாங்க. நான் அவரைப் பார்க்கவே இல்லைங்கய்யா. இது காட்சியில சேருமா?”

யாரும் உடனே விடை சொல்லவில்லை. பிறகு பேராசிரியைதான், “நம்பியகப்பொருளைக் கேட்டா அது கைக்கிளைன்னு சொல்லும்மா” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் சொன்னது மிகச் சரியான விடை. நாற்கவிராச நம்பி, காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு ஆகிய நான்கையும் கைக்கிளை என்றே வகைப்படுத்துகிறார். கண்டதும், மயங்கியதும், தெளிந்ததும், அவள் கண்ணில் உடன்பாட்டைத் தேடியதும் எல்லாம் அதுவரை ஒருதலைக் காமம்தான். அவள் உள்ளமும் ஒன்றிய பிறகே அது அன்பின் ஐந்திணை. தொல்காப்பியரோ இன்னும் ஒரு படி மேலே போய், காட்சியைச் சொல்லும் இடத்திலேயே ஒத்த தலைவனும் தலைவியும் ஆகிய இருவரையும் எழுவாயாக்கி, காணுதல் என்னும் வினையைப் பன்மையில் வைக்கிறார். காண்பவர் இருவர். வினைமுற்றில் அடங்கிய இந்நுட்பத்தை வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறோம். காபித் தட்டு ஏந்திய ஒருத்தியின் வாயிலிருந்து அது கேள்வியாகத் திரும்பி வந்தபோது, வகுப்பறையில் இல்லாத கனம் அதற்கு வந்துவிட்டது.

எண்ணிப் பார்த்தால், நம் வீடுகளில் முதற் காட்சிக்கென்று தனியே ஒரு சடங்கு இருக்கிறது. அதற்குப் பெயரே பெண் பார்த்தல். மாப்பிள்ளை பார்த்தல் என்பதும் உண்டு. அது பெரியவர்கள் சென்று வீடு, வேலை, நிலபுலம் பார்ப்பது. பெண் பார்ப்பது மட்டுமே பெண்ணைப் பார்ப்பது. திரைப்படத்திலோ சடங்குக்குப் பதில் தெருமுனை. அவன் பார்க்கிறான், பின்தொடர்கிறான். அவள் மறுத்தாலும் மறுப்பையே சம்மதமாக வாசிக்கிறான். கண்டதும் காதல் என்று நாம் பழித்தும் புகழ்ந்தும் பேசிவருவதில் பெரும்பகுதி நம்பியின் அளவுகோலில் கைக்கிளையைத் தாண்டாதது.

இந்தப் பின்னணியில்தான் மனோன்மணியின் கனவு எங்களுக்குப் புதிதாகத் தெரிந்தது.

1891-இல் மனோன்மணீயத்தை வெளியிட்டபோது பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். கதையின் வேர் லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ‘இரகசிய வழி’ என்னும் கதைப்பாட்டு. லிட்டனுக்கும் முன்னே சென்றால், கிரேக்க எழுத்தாளர் அதினேயஸ் பதிவு செய்த ஒரு பழங்கதை. ஓதாதிஸ் என்னும் இளவரசியும் சரியாத்ரெஸ் என்னும் அரசனும் ஒருவரையொருவர் கனவில் மட்டுமே கண்டு காதலுறுகின்றனர். தந்தை நடத்தும் விருந்தில், தான் விரும்புபவனுக்குப் பொற்கிண்ணத்தில் மது ஊற்றித் தரவேண்டும் என்பது அவளுக்கு விதிக்கப்பட்ட கட்டளை. கனவில் வந்தவன் மாற்றுடையில் வந்து சேர்கிறான். கிண்ணம் அவனிடம் போகிறது. கிரேக்கத்துக் கிண்ணம் திருநெல்வேலிக் கோட்டைக்கு வந்தபோது மணமாலையாகிவிட்டது.

கனவுக் காதல் நமக்கும் அயலானதன்று. உஷை கனவில் கண்டவனைச் சித்திரலேகை ஓவியமாக எழுதிக்காட்டிய கதையைப் புராணம் கேட்ட எவரும் அறிவர். ஆனால் சுந்தரம் பிள்ளை செய்தது வேறு. அவர் கனவை இருவருக்கும் கொடுத்தார். மனோன்மணி கண்டது போலவே புருஷோத்தமனும் காண்கிறான். அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது; அவள் யாரென்று அவனுக்கும் தெரியாது. மறைந்து நின்று பார்க்க மரம் எதுவும் இங்கில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட வேண்டிய அவையும் இல்லை. இருவரும் தத்தம் உறக்கத்தில் தனியராக இருந்து கண்டார்கள். காணுதல் என்னும் வினை பன்மையாவதற்கு, புற உலகில் கிடைக்காத சமத்துவத்தை ஆசிரியர் கனவில் தேடி எடுத்தார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. 1891-இல் ஓர் அரசகுமாரியின் கண்ணுக்கு அவ்வளவு உரிமையை வேறெங்கு கொடுத்திருக்க முடியும்?

நாடகத்தின் முரணும் இங்கிருந்தே பிறக்கிறது. அவள் வாடுவதற்கான காரணத்தைச் சுந்தர முனிவர் ஓர்ந்துகொள்கிறார். சேர மன்னனே பொருத்தமானவன் என்று சீவகனுக்கு எடுத்துரைக்கிறார். அமைச்சன் குடிலன், மணத்தூதோடு நாஞ்சில் நாட்டு உரிமை வழக்கையும் பிணைத்துத் தன் மகன் பலதேவனை அனுப்பிவைக்கிறான். தூது பகையாகிறது. தன் கனவில் வருபவள் எந்தக் கோட்டைக்குள் இருக்கிறாளோ, அதே கோட்டையின்மேல் படையெடுத்து வருகிறான் சேரன். கனவில் தெளிவாகக் கண்டவர்கள் விழித்திருக்கையில் கண்கட்டப்பட்டவர்களாக நடமாடுகிறார்கள். ஜீவன், மலம், குரு, அருள் என்று இதனைச் சித்தாந்த உருவகமாக விரித்துப் படிப்பாரும் உளர். ஆசிரியர் தத்துவம் கற்பித்தவர் ஆதலின் அப்படிப்புக்கு இடமுண்டு. எங்கள் கூட்டம் அன்று அத்திசையில் செல்லவில்லை.

நாங்கள் தடுக்கி நின்றது நான்காம் அங்கத்துக்குப் பிறகு. போரில் தோற்று மனமுடைந்த சீவகன், குடிலனை நம்பி, மகளைப் பலதேவனுக்கு மணமுடிக்கத் துணிகிறான். மனோன்மணி இசைகிறாள். தந்தையின் துயரத்தை முன்னிட்டுத் தன் கனவை ஒதுக்கிவைக்கிறாள்.

“அப்ப அந்தக் கனவு எதுக்குங்கய்யா?” என்று அதே மாணவி கேட்டார். குரலில் சினம் இருந்தது.

வங்கி நண்பர் மனோன்மணியின் பக்கம் பேசினார். நாடு வீழும் நேரத்தில் அரசன் மகள் தன் விருப்பத்தைப் பேசிக்கொண்டிருக்க முடியாது, அது தியாகம் என்றார். பேராசிரியை ஒப்பவில்லை. “அப்ப வாணியை எதுக்கு சார் பக்கத்துலயே நிக்க வெச்சாரு?” என்று கேட்டார். வாணி, மனோன்மணியின் தோழி. அவள் தந்தை சகடன் அவளை அதே பலதேவனுக்குக் கொடுக்க முனைகிறான், அரசனும் வற்புறுத்துகிறான். அவளோ நடராசனைத் தவிர வேறொருவரை ஏற்க மறுத்து உறுதியாக நிற்கிறாள். வாணி கனவில் மயங்கியவள் அல்லள். அறிந்து, பழகி, விரும்பியவள். ஒரே மாப்பிள்ளை, இரண்டு பெண்கள், இரண்டு விடைகள். ஆசிரியர் தீர்ப்பெழுதாமல் இருவரையும் அருகருகே நிறுத்திவைத்திருக்கிறார். இவளுக்குத் துணிவு, அவளுக்குப் பணிவு என்று தேர்வு விடைத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். பனி விலகாத அந்த அறையில், வீட்டில் விடைக்காகக் காத்திருக்கும் ஒருத்தி எதிரே அமர்ந்திருக்க, அது அவ்வளவு எளிதாக இல்லை.

தமிழ் மேடையில் வாணியின் உண்மையான தங்கை வள்ளி. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) யாத்த ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை ஊர்த் திருவிழாக்களில் விடிய விடியக் கண்டவர்கள் எங்களில் உண்டு. முருகன் முதலில் காண்பதில்லை, கேட்கிறான். வள்ளியின் அழகை நாரதர் சொல்லக் கேட்டுத்தான் அவன் வருகிறான். வேடனாக வந்து தினைப்புனத்தில் நின்று, தப்பியோடிய மானைக் கேட்கும் சாக்கில் பேச்சைத் தொடங்குகிறான். இங்கும் வேட்டை, இங்கும் மான். ஆனால் சகுந்தலைக்கு வாய்க்காத ஒன்று வள்ளிக்கு வாய்த்திருக்கிறது: தர்க்கம். அவன் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல், சில ஊர்களில் மணிக்கணக்கில் நீளும். வந்தவன் கடவுள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். இருந்தும் அவள் மடக்கும்போதுதான் பெண்கள் பக்கமிருந்து சிரிப்பொலி எழும். கடவுளாகவே இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் கிடைத்துவிட முடியாது என்பதை அந்தக் கூட்டம் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கேட்டு மகிழ்கிறது. கடைசியில் யானையைக் கொண்டுவந்து அச்சுறுத்தித்தான் அவளை இணங்க வைக்கிறார்கள் என்பது கதையின் இன்னொரு பக்கம். அது எங்களுக்கு உவப்பானதன்று. எனினும் அதற்கு முந்தைய தர்க்கம் மேடையில் அவளுக்கே உரியது.

ஏற்காட்டுப் பேருந்தில் போவோர் சேலத்தை விட்டு நீங்கும்போது, சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய முகப்பு வளைவு நிற்பதைக் காணலாம். ஸ்டூடியோ மறைந்துவிட்டது, வளைவு மட்டும் எஞ்சியிருக்கிறது. டி.ஆர். சுந்தரம் 1942-இல் அந்நிறுவனத்தின் வழியே ‘மனோன்மணி’ என்ற பெயரில் இந்நாடகத்தைப் படமாக்கினார். பி.யு. சின்னப்பாவும் டி.ஆர். ராஜகுமாரியும் தலைமை வேடமேற்றனர். படிப்பதற்கான நாடகம் என்றே பெரிதும் கருதப்பட்ட நூல் மலையடிவாரத்தில் திரைக்கு வந்தது என்பதை அறிந்த பிறகு, அவ்வளைவைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் பேச்சு சற்று நேரம் அங்கேயே நின்றுவிடும். தமிழ்த் திரை அதன்பின் எத்தனையோ ஆயிரம் முதற் காட்சிகளைப் படைத்துவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் காணும் காட்சிகள் அவற்றுள் எத்தனை என்று எவரேனும் எண்ணிப் பார்க்கலாம்.

இறுதிக் களத்தை டிசம்பரில் படித்தோம். நள்ளிரவு மணவறை. மணமகனாகப் பலதேவன். கோட்டையைக் காட்டிக்கொடுக்கச் சுரங்கத்தின் வழியே சென்ற குடிலனைச் சேரன் விலங்கிட்டு, அதே வழியில் அவனை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். மாலையோடு நிற்கும் மனோன்மணி அவனைக் காண்கிறாள். நேரில் அதுவே முதற் காட்சி. அங்கே ஐயம் இல்லை, தெய்வமோ மயிலோ என்ற மயக்கமில்லை, உவமைகளுக்கு நேரமுமில்லை. ஏனெனில் அவள் புதிதாக எதையும் பார்க்கவில்லை. ஏற்கெனவே கண்டதை அடையாளம் காண்கிறாள். துஷ்யந்தனுக்கு மோதிரம் தேவைப்பட்டது. இவளுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. சொல்லை முந்திக்கொண்டு மாலை அவன் கழுத்துக்குப் போய்விடுகிறது.

தந்தைக்காகக் கண்ணை மூடிக்கொண்டவள், எல்லோரும் பார்த்திருக்கும் அவையில், தந்தையின் முன்னிலையிலேயே, யாரையும் கேளாமல் கண்ணைத் திறந்துகொள்கிறாள். மாணவியின் சினத்துக்கு ஆசிரியர் தரும் விடை இதுதான் என்று வீட்டுக்கார நண்பர் கருதினார். பேராசிரியை இன்னமும் ஒப்பவில்லை. புருஷோத்தமன் அந்த நேரத்துக்கு வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், ஒரு பெண்ணின் பார்வை சுரங்க வழியை நம்பியா இருக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. வாணிக்குச் சுரங்கம் தேவைப்படவில்லையே என்றார். எங்களுக்குள் இன்றுவரை இது தீர்ந்தபாடில்லை.

அம்மாணவி, மாப்பிள்ளையாக வந்தவருடன் ஒருமுறை பேச வேண்டும் என்று தம் தாயிடம் சொன்னாராம். வீட்டில் இரண்டு நாள்கள் யாரும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தந்தையே தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கித் தந்தார். அதற்கு மேல் அது அவர் வீட்டுக் கதை; அதனை எழுத எங்களுக்கு உரிமையில்லை. அடுத்ததாக வள்ளி திருமணத்தின் தர்க்கப் பகுதியைப் படிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வள்ளியாகப் படிக்க அவர் பெயர் கொடுத்திருக்கிறார்.